முப்பத்திரண்டு குழாய்

சின்னிவிரல் நீளக் கண்ணாடிக் குழாய்கள்.
ஒன்றுக்கு ஓர் இலையான்.
நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடு;
குறுக்கே நடந்தால் கணினி ஒன்று என்று குறிக்கும்.
ஐந்து நிமிடம் எதுவும் குறிக்காவிட்டால்
நித்திரை என்று எடுத்துக்கொள்வோம்.
செத்துக் கிடந்தாலும்
முதல் ஐந்து நிமிடம் நித்திரைதான்.

பதினாறுக்குச் சீனி.
மற்றப் பதினாறுக்கும் வெறும் ஏகார்:
ஈரம் உண்டு, வழுவழுப்பு உண்டு,
வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

திருநெல்வேலிச் சந்தையில்
வெடித்துப்போன கறுத்தக்கொழும்பானில் மொய்த்தவற்றின்
நாற்பதாம் தலைமுறை இவை.
மாம்பழம் கண்டதில்லை.
ஆனாலும் தேடத் தெரிகிறது.

இரவு பதினொன்று. சீனி வரிசை அடங்கிவிட்டது.
பட்டினி வரிசை நடக்கிறது
பஞ்சு முனைக்கும் ஏகார் முனைக்குமாய்,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன்
பலாலி வீதியில் நடப்பதுபோல.

கசகசா விதைக்குள் அடங்கும் மூளை.
அதற்குள்ளும் ஓர் அடுப்படி.
நரம்புக் கலங்களைச் சுற்றிக் குந்தியிருக்கும் துணைக்கலங்கள்
மடியில் கொழுப்புத் துளி வைத்திருக்கின்றன.
நாள் முழுக்க எரித்த புகை
இழைமணிகளில் தங்கித் தங்கி
ஓர் அளவைத் தாண்டினால்
சில கலங்கள் மணியடிக்கும்:
போதும், படு.
விறகில்லாத வீட்டில் புகை ஏது.
மணியும் இல்லை.
இது என் ஊகம்.
கருதுகோள் என்று எழுதச் சொன்னார் பேராசிரியர்.

இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது.
பற்றரி பதினொரு நிமிடம் தாங்கியது.
அதன்பின் எத்தனை நிமிடமோ,
எவர் படுத்தார் எவர் நடந்தார் என்று
தரவில் இல்லை.
லாச்சியைத் துழாவி நாலு விசுக்கோத்துத் தின்றேன்.
விடியும்போது என் கன்னத்தில்
விசைப்பலகையின் அச்சு இருந்தது.

ஆறு மணிக்குத் தேவமலர் அக்கா வந்தா.
இலையானுக்குச் சமைப்பது அவவின் வேலை.
சோளமா, ஈஸ்ட், சீனி, ஏகார்,
கொதி இறங்கியபின் இரண்டு கரண்டி அமிலம்,
பூஞ்சணம் பிடிக்காமலிருக்க.
குழாய்களைப் பார்த்து நின்றா.
"இந்தப் பக்கத்துக்கு ஒண்டும் வைக்கேல்லையோ பிள்ளை?"
"வைக்கேல்லை அக்கா. அதுதான் பரிசோதனை."
"எத்தினை நாள்?"
"ஒரு நாள்."
"ஒரு நாளுக்கே இந்த ஓட்டமோ!"

குலுக்கிக் குலுக்கி நாங்கள் விழிக்கவைக்கும் இலையான்
மறுநாள் வட்டியும் முதலுமாய்த் தூங்கித் தீர்க்கும்.
பசியில் விழித்ததோ அப்படியல்ல என்றேன்.
சீனி கிடைத்தால் தின்னும்.
நித்திரைக் கடன் என்று ஒன்று
அதன் கணக்கில் ஏறுவதே குறைவு.
அக்கா யோசித்தா.
"அதுகளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதெல்லே."

இன்று செவ்வாய்.
ஒன்பது மணிக்குக் கோண்டாவிலில்
கடன் சங்கத்துக்காரன் மோட்டார் சைக்கிளில் வருவான்.
பத்துப் பெண்கள், ஒரு கொப்பி,
ஒருத்தி தவறினால் மற்ற ஒன்பது பேரும் குந்தியிருக்கவேண்டும்.
மூன்றுமணிக்கே முழிப்பு வந்திட்டுது என்று
போன செவ்வாயும் சொன்னா.
அதற்கு முந்தினதும்.
சாப்பிட்டீர்களா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.
கேட்டால் ஓமெண்டுவா.

அமிலம் விட முன்பு
சட்டியின் அடியில் பிடித்ததை
அகப்பையால் வழித்து வாயில் போட்டா.
சோளக் களி, இனிப்பாய்த்தான் இருக்கும்.
நான் திரையிலிருந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நல்ல எண்கள். அச்சுக்குப் போகக்கூடியவை.

ஏகார் வரிசையில் எட்டாம் குழாய் அசையவில்லை.
"இதுக்கு மட்டும் நித்திரை வந்திட்டுதோ?"
சட்டியும் கையுமாய்க் குனிந்தா.

ஐந்து நிமிடம் பொறுங்கோ அக்கா, என்றேன்.